பத்தரை மணி மகஜர்

நடுத்துறை
28.7.2025

அருணாவுக்கு,

நான்கு நாளில் பதினேழு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். விராலிமலையில் உன் புது வீட்டு முகவரியைத் தலையாரி ஆண்டிச்சாமி அண்ணன் தந்தார். தரலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்துகொண்டே நின்று, கடைசியில் தந்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

போன வியாழக்கிழமை பெலிக்ஸின் ஜாமீன் மனு தள்ளுபடியானது. அரசு வக்கீல் எழுந்து ஒரே ஒரு தாளைத்தான் வாசித்தார். ஜூன் பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு என் தம்பி தன் வீட்டு அரிசி வாளியிலிருந்து ஐஸ் கம்பெனிப் பூட்டின் சாவியைத் தானாக எடுத்துக் கொடுத்தானாம். போலீஸ் அதைக் கைப்பற்றி மகஜர் எழுதியதாம். பக்கத்தில் நின்று பார்த்ததாகக் கையெழுத்திட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆண்டிச்சாமி. இன்னொருவர் அப்போது எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலராக இருந்த நீ.

கோர்ட் வராந்தாவில் எங்கள் வக்கீல் பரிமளா கேட்டார். "டீச்சர், இந்த வி.ஏ.ஓ. உங்களுக்குப் பழக்கமா?"

"திருச்சியில ஒரே ஹாஸ்டல் ரூம்ல மூணு வருஷம்" என்றேன்.

அந்த நாளை உனக்கு நினைவுபடுத்துகிறேன். ஜூன் பதினேழு, செவ்வாய். தடைக்காலம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் விசைப்படகுகள் எல்லாம் கிளம்ப வேண்டும். குணசேகரனின் ஐஸ் கம்பெனி நிறுத்தாமல் ஓடியது. மூன்று மணிக்கு அமோனியாக் குழாய் வெடித்தது. ஆபரேட்டர் பெலிக்ஸ் மெயின் வால்வை மூட ஓடினான். வால்வுச் சக்கரத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தது. உள்ளே ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த செவந்தி பிழைக்கவில்லை. சாவி முதலாளியிடம் இருந்தது என்கிறான் பெலிக்ஸ். முன்விரோதத்தில் பெலிக்ஸ்தான் பூட்டிச் சாவியை ஒளித்தான் என்கிறது போலீஸ். கொலை ஆகாத மரணம் விளைவித்த வழக்கு. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம் என்கிறார் பரிமளா. இரண்டில் எது உண்மை என்பதை இப்போது உன் கையெழுத்து சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுநாள், பதினெட்டாம் தேதி, பெலிக்ஸைப் பிடித்து வைத்திருந்த ஸ்டேஷன் வாசலில் காலை ஆறு மணியிலிருந்து மூன்று மணி வரை நான் நின்றேன். பெலிக்ஸ் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வரவில்லை. அவன் வீடு பூட்டிக் கிடந்தது. அவன் மனைவி அடைக்கலமேரி பிரசவத்துக்காகக் கறம்பக்குடிப் பக்கம் தாய்வீடு போய் ஒரு மாதமாகியிருந்தது. அவன் சாப்பாடு, படுக்கை எல்லாம் என் வீட்டில். அவன் வீட்டுச் சாவி என் கைப்பையில் இருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஒரே கேள்விதான். நீ அந்த வீட்டுக்குள் போனாயா?

ஷர்லி

*

விராலிமலை
3.8.2025

ஷர்லி,

இனி போனில் கூப்பிடாதே. குற்றம் சாட்டப்பட்டவனின் அக்கா அரசுத் தரப்புச் சாட்சியைக் கூப்பிட்டாள் என்பதற்குப் போலீஸ் கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். என்ன பேசினோம் என்பது அதில் இருக்காது, மணி மட்டும் இருக்கும். அது போதும். பதினேழு என்று நீயே எண்ணி வைத்திருக்கிறாய். அவர்களும் எண்ணுவார்கள்.

கையெழுத்து என்னுடையதுதான்.

உன் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். இரண்டு வருடத்துக்கு முன் குணசேகரனோடு சண்டை போட்டுக்கொண்டு, வால்வை மூடி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி ஒளித்து, கம்பெனியை ஒரு நாள் முழுக்க நிறுத்தியது யார்? அன்றைக்குச் சமாதானம் பேச வந்தவள் நான். "நான் எடுக்கலக்கா, மாதா மேல சத்தியம்" என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். மறுநாள் அவன் வலைக்குவியலுக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள். ஆகவே சாவி அவன் வீட்டில் கிடைத்தது என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நீ அவனுடைய அக்கா. நம்ப வேண்டியது உன் கடமை. எனக்கு அந்தக் கடமை இல்லை.

என் மாறுதல் பற்றி நடுத்துறையில் பேசிக்கொள்வதும் என் காதுக்கு வந்தது. மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த மாறுதல் அது. ஜூலையில் ஏன் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

நீ கேட்ட கேள்விக்கு இதில் பதில் இல்லை என்பதைக் கவனிப்பாய்.

அருணா

*

நடுத்துறை
9.8.2025

அருணா,

கவனித்தேன்.

பியூஸ் கட்டையை அவன்தான் எடுத்தான். பொய்ச் சத்தியமும் செய்தான். ஏன் நிறுத்தினான் என்பதை நீ விட்டுவிட்டாய். குழாய் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது, மாற்றுங்கள் என்று நான்கு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினான். குணசேகரன் குழாயை மாற்றவில்லை. இனி எவனும் தன் கம்பெனியை நிறுத்தக் கூடாது என்று வால்வுக்குச் சங்கிலி போட்டார்.

நேற்று புதுக்கோட்டை ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பெலிக்ஸ் என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, நான் அன்னிக்கு அப்படிப் பண்ணலேன்னா அந்தச் சங்கிலியே வந்திருக்காதுல்ல?" வழக்கைப் பற்றி அவன் எதுவுமே கேட்கவில்லை. அமோனியா பட்ட அவன் இடது கண் இன்னும் சரியாகவில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் பேசுகிறான்.

செவந்தியின் புருஷன் பெரியண்ணன் போன வாரம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "டீச்சர், ஒங்க தம்பி அவளத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தத நான் பாத்தேன். ஒளிச்சு வச்சவன் உள்ள போவானா?" என்றார். இதைப் போலீஸிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "நான் சொன்னேன், அவுக எழுதுனாக. என்ன எழுதுனாகன்னு எனக்கென்ன தெரியும்? படிச்சா காட்டுனாக?"

அவர் மகள் ரம்யா என் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வேதியியல் புத்தகத்தில் அமோனியா தயாரிப்பு வரும் பக்கத்தைத் திங்கட்கிழமை நான் தாண்டிப் போனேன். கையைத் தூக்கினாள். "டீச்சர், ஒரு பக்கம் விட்டுட்டீங்க."

இருபத்தைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுதுவதற்கு எதுவுமில்லாமல் நின்றேன்.

தொண்ணூறு நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லையென்றால் ஜாமீன் அவன் உரிமையாகிவிடும் என்கிறார் பரிமளா. செப்டம்பர் பதினைந்தோடு தொண்ணூறு நாள் முடிகிறது. தாக்கல் செய்துவிட்டால் வழக்கு முடிகிறவரை அவன் உள்ளேயே கிடக்கலாம். அடைக்கலமேரிக்கு இது ஒன்பதாம் மாதம்.

போனாயா, இல்லையா?

ஷர்லி

*

விராலிமலை
17.8.2025

ஷர்லி,

போஸ்ட் ஆபீஸில் இன்லேண்ட் லெட்டர்தான் இருந்தது. இடம் குறைவு என்பதால் சுற்றி வளைக்க முடியாது.

நான் போகவில்லை.

ஜூன் பதினெட்டு ஜமாபந்தி. கிராமக் கணக்குகளை வருடத்துக்கு ஒருமுறை மேலதிகாரி தணிக்கை செய்யும் நாள், எந்த வி.ஏ.ஓ.வும் ஊரில் இருக்க முடியாது. காலை ஏழு மணிக்கே கணக்குக் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போய்விட்டேன். பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, என் முறைக்காக வரிசையில் நிற்கும்போது, கான்ஸ்டபிள் உதயசூரியன் வந்தார்.

"மேடம், ஒரு கையெழுத்து. ஸ்டேஷன் ரைட்டர் அனுப்பிச்சாரு."

"என்ன கேஸ்?"

"ஐஸ் கம்பெனிதான் மேடம். சாவி எடுத்தாச்சு. அவனே ஒத்துக்கிட்டான். தலையாரி போட்டுட்டாரு, நீங்கதான் பாக்கி."

கையிலிருந்த அடங்கல் கணக்குக் கட்டின் மேல் தாளை வைத்துப் போட்டேன். வாசிக்கவில்லை. முன்னால் நின்றவர் நகர்ந்ததும் நானும் நகர்ந்தேன்.

இருபத்திரண்டு வருடத்தில் இப்படி எத்தனை போட்டேன் என்று எனக்கே தெரியாது. கரையில் ஒதுங்கிய பிணங்களுக்குப் பார்த்துத்தான் போட்டேன். மற்றவற்றில் பாதிக்கு மேல் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் போட்டவை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பதுபோல ஸ்டேஷன் கேட்கும், நாங்களும் கொடுப்போம். நாளைக்கு வாய்க்கால் தகராறு என்றால் அவர்கள் வர வேண்டுமே. இதை ஒரு தப்பு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. நான் ஒரு மெமோகூட வாங்காதவள் என்பதை நினைத்துக்கொள்.

பெலிக்ஸ் சாவியை எடுத்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் எடுத்துக் கொடுத்ததை நான் பார்க்கவில்லை, அது மட்டும் தெரியும். அதற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடம் எதிர்பார்க்காதே.

இதை யாரிடமும் காட்டாதே என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.

அருணா

*

நடுத்துறை
25.8.2025

அருணா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அவன் நிரபராதி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று முதல் மூன்று முறை கோபம் வந்தது. நான்காவது முறை வரவில்லை.

யாரிடமும் காட்டவில்லை. பரிமளாவிடம் உன் பெயரைச் சொல்லாமல், ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டேன். மகஜர் சாட்சி ஒருத்தர், நான் அங்கே இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"இப்பச் சொன்னா ஸ்டேஷன் முழிச்சுக்கும் டீச்சர். வேற ரெண்டு சாட்சிய வச்சு ஓட்டைய அடைச்சு, அந்த வாரமே சார்ஜ் ஷீட்டப் போட்டுருவாங்க. இன்ஸ்பெக்டருக்கு இப்ப இருக்கிற வேலையில இந்தக் கட்டு அடியில கெடக்குது. கெடக்கட்டும். இன்னும் இருபத்தியோரு நாளு. ஒருத்தரும் வாயத் தொறக்க வேணாம்."

ஆகவே, அருணா, பேசாதே. ஒரு மாதமாகப் பேசு பேசு என்று உன்னை அரித்தவள்தான் இதையும் எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

கடிதம் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில், அமில பாட்டில்கள் வைக்கும் அலமாரியில் இருக்கிறது. அதை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

ஷர்லி

*

விராலிமலை
1.9.2025

ஷர்லி,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் ரைட்டர் போன் செய்தார். "மேடம், ஒங்க வாக்குமூலம் எழுதியாச்சு. நீங்க அம்புட்டுத் தூரத்துல இருந்து வர வேணாம். அதுல கையெழுத்தும் தேவையில்ல, சட்டமே அப்படித்தான்."

"நான் எதுவும் சொல்லலையே" என்றேன்.

"மகஜர்ல உள்ளதத்தானே மேடம் சொல்லப் போறீங்க?"

நான் "சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ பேசாதே என்று எழுதியதால் சரி என்றேனா, பேசாமலிருப்பது எனக்கே சௌகரியமாக இருந்ததால் சரி என்றேனா? மூன்று நாளாக யோசிக்கிறேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒன்று மட்டும். கட்டு அடியில் கிடக்கிறது என்று உன் வக்கீல் நினைக்கிறார். அடியில் கிடக்கிற கட்டுக்கு யாரும் வாக்குமூலம் எழுத மாட்டார்கள்.

அருணா

*

நடுத்துறை
19.9.2025

அருணா,

நீ சொன்னதுதான் நடந்தது. பன்னிரண்டாம் தேதி, எண்பத்தேழாவது நாள், குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அன்றைக்குக் காலையில்தான் அடைக்கலமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டையும் ஒரே பார்வை நேரத்தில் பெலிக்ஸிடம் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தையைப் பற்றி முதலில் சொன்னேன். சிரித்தான். பிறகு மற்றதைச் சொன்னேன்.

குற்றவாளி ஒருவர்: பெலிக்ஸ். குணசேகரன் இரண்டாவது சாட்சி. தொழிலாளர் பாதுகாப்பில் மிகுந்த அக்கறை கொண்டவர் என்று அவரைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். பெரியண்ணன் நான்காவது சாட்சி. பெலிக்ஸ் செவந்தியைத் தூக்கி வந்தது அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. ஒன்பதாவது சாட்சி நீ. உன் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். "எதிரி பெலிக்ஸ் எவ்வித வற்புறுத்தலுமின்றி முன்வந்து, எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, அரிசி வாளியில் மறைத்து வைத்திருந்த சாவியை எடுத்து ஆஜர்படுத்தியதை நான் நேரில் பார்த்தேன்." உன் வாக்குமூலம் படிக்க நன்றாக இருக்கிறது. நீ இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வீடியோ எடுக்க வேண்டும் என்று இப்போது சட்டமாம். எடுத்திருக்கிறார்கள், முப்பது விநாடி. சாவி ஒரு மேசை மேல் இருப்பதிலிருந்து தொடங்கி அங்கேயே முடிகிறது. பெலிக்ஸ் வீட்டில் மேசை கிடையாது. மதுரை ஹைகோர்ட்டில் ஜாமீன் மனு போடப் போகிறார் பரிமளா. "டீச்சர், மேசை மட்டும் பத்தாது" என்கிறார்.

பரிமளா சொன்னதைக் கேட்டு உன்னைப் பேசாதே என்றது என் முட்டாள்தனம். அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை.

உன் இன்லேண்ட் லெட்டரையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை பரிமளாவின் ஆபீஸ் படிக்கட்டு வரைக்கும் போனேன். கொடுத்திருந்தால் அது எங்கள் கையில் ஒரு ஆயுதம். ஆனால் உன்னைக் கேட்காமல் உன் பெயரில் எழுதிக்கொண்டவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தியாக வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். என் தம்பிக்கு நான் செய்த துரோகமாகவும் இது இருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஷர்லி

*

விராலிமலை
24.9.2025

ஷர்லி,

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். மாஜிஸ்திரேட் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு கிளார்க்கிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாட்சி தானா வந்து நின்னா எடுக்க மாட்டாங்கம்மா. சம்மன் வரும், அப்ப வாங்க."

"எப்ப வரும்?"

"ரெண்டு வருசம் ஆகும், மூணு வருசம் ஆகும். அதுக்குள்ள மறந்துராதீங்க."

ஆகவே எழுதி வைத்துவிட்டேன். கோர்ட்டுக்கு, கலெக்டருக்கு, எஸ்.பி.க்கு, அரசு வக்கீலுக்கு, பரிமளாவுக்கு. இரண்டு பக்கம். பத்தரை மணிக்கு நான் அந்த வீட்டில் இல்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி ஜமாபந்தியில் இருந்தேன். மகஜரில் மாலை ஐந்து மணிக்குப் படிக்காமல் கையெழுத்திட்டேன். ஒன்பதாவது சாட்சியின் வாக்குமூலம் என்னிடம் கேட்டு எழுதப்பட்டதல்ல. பெலிக்ஸ் நல்லவன் என்றோ குணசேகரன் கெட்டவர் என்றோ அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

வருகைப் பதிவேட்டின் நகலும் இணைத்திருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து வாங்கினேன். விண்ணப்பித்தது ஆகஸ்ட் பதினெட்டு, இன்லேண்ட் லெட்டரைப் பெட்டியில் போட்ட அதே நாள், அதே போஸ்ட் ஆபீஸ். உன்னிடம் சொல்லவில்லை. அதை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

இனி உன்னைக் கேட்க வேண்டிய விஷயம். குற்றப்பத்திரிகை வந்த பிறகு என்னை நீங்கள் விலைக்கு வாங்கிவிட்டீர்கள் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சந்தேகிப்பேன். நீ திருப்பி அனுப்பிய இன்லேண்ட் லெட்டரில், எழுத்திருக்கும் அதே தாளின் மேலே, ஆகஸ்ட் பதினெட்டு என்று தபால் முத்திரை இருக்கிறது. தாக்கலுக்கு இருபத்தைந்து நாள் முந்தி. அதையும் இணைத்தால் நான் சொல்வது நிற்கும். ஆனால் முகவரியில் உன் பெயர் இருக்கிறது. சாட்சியோடு எழுத்துத் தொடர்பு வைத்த அரசுப் பள்ளி ஆசிரியை என்று உன் மேலும் விசாரணை வரும். வேண்டாம் என்றால் அது இல்லாமல் அனுப்புகிறேன். பாதி பலம்தான் இருக்கும்.

சனிக்கிழமை வரை காத்திருக்கிறேன். நான் உன்னைக் கேட்காமல் எதையும் செய்யப்போவதில்லை.

அருணா

*

நடுத்துறை
25.9.2025

அருணா,

உன் ஸ்பீட் போஸ்ட் இன்று வந்தது. நானும் ஸ்பீட் போஸ்டிலேயே அனுப்புகிறேன். இணை. என் பெயரை மறைக்காதே. ஒரு எழுத்துகூட.

இன்றைக்கு வகுப்பில் அந்தப் பக்கத்தை நடத்தினேன். அமோனியா காற்றைவிட லேசானது, மேலே எழும்பும், தண்ணீரில் உடனே கரையும் என்று சொன்னேன். ரம்யா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். "அப்ப ஈரத்துணிய மூஞ்சியில கட்டிக்கிட்டுக் குனிஞ்சு வந்திருந்தா வந்திருக்கலாமா டீச்சர்?"

"வந்திருக்கலாம்" என்றேன். "யாராவது சொல்லிக் குடுத்திருந்தா."

ஷர்லி

*

நடுத்துறை
2.11.2025

அருணா,

போன புதன்கிழமை மதுரையில் ஜாமீன் கிடைத்தது. நேற்று பெலிக்ஸ் வெளியே வந்தான்.

நீதிபதி பதிவேட்டு நகலையும் மகஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். "ரெண்டும் ஒரே கையெழுத்துத்தானா?" என்று அரசு வக்கீலைக் கேட்டாராம். நீ விலைபோய்விட்டாய் என்று அரசு வக்கீல் ஆரம்பித்ததும் பரிமளா தபால் முத்திரையைக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு பத்து நிமிடம்தான். வழக்கை மறுபடி விசாரிக்க வேறொரு அதிகாரியைப் போடச் சொல்லி உத்தரவு. குணசேகரனை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். பெலிக்ஸ் பெயர் குற்றப்பத்திரிகையில் அப்படியேதான் இருக்கிறது. ஐஸ் கம்பெனியும் ஓடுகிறது. குழாய் மட்டும் புதுசு. சங்கிலி இல்லை.

ஜாமீனுக்கு நிபந்தனை, தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. இன்றைக்குப் போய்விட்டு வந்து சொன்னான். "நோட்ட நீட்டுனாங்க. வாங்கி மொத்தமும் படிச்சேன். 'என்னடா பரீட்சைக்கா படிக்கிற'ன்னு ரைட்டர் கேக்குறாரு."

மகளைக் கீழே விட்டுவிடுவேனோ என்று உட்கார்ந்துகொண்டுதான் தூக்குகிறான். உன்னைப் பற்றிக் கேட்டான். அந்தப் பழைய பொய்ச் சத்தியத்தை நீ மறக்கவில்லை என்று சொன்னேன். "அந்தக்கா மறக்காது" என்றான்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. ஆம், எழுதினேன் என்று பதில் தந்துவிட்டேன். உனக்கு என்ன ஆயிற்று? யாரைக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். இனி போனில் கூப்பிடலாமா?

ஷர்லி

*

விராலிமலை
12.11.2025

ஷர்லி,

கூப்பிடலாம். ஆனால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

முந்தாநாள் ஆண்டிச்சாமி அண்ணன் போன் செய்தார். அவரையும் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். "நீங்க படிச்சவுக, ஒங்களுக்கு ஒரு ஞாயம் தெரிஞ்சுச்சு, சொன்னீங்க. என்னய எதுக்கும்மா இழுத்துவிட்டீங்க? எனக்கு இன்னும் ஒண்ணரை வருசந்தானே இருந்துச்சு" என்றார். என் கடிதத்தில் அவர் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் என் கையெழுத்துக்கு மேலே அவர் கையெழுத்து இருந்தது. அவர் அழுததை உனக்கும் சொல்லிவைக்கிறேன். நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

நேற்று எனக்கு வந்தது. பணியிடை நீக்க ஆணை, அதனுடன் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. இப்போது எனக்கும் ஒரு குற்றப்பத்திரிகை இருக்கிறது. மூன்று குற்றச்சாட்டு. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது, அரசுக்கு அவப்பெயர் ஏற்படுத்தியது. அது எதனால் ஏற்பட்டது என்பதில் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

ஆணையைக் கொண்டுவந்தவர் தாலுகா ஆபீஸ் உதவியாளர். நான் பெற்றுக்கொண்டதற்கு அக்கம்பக்கத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். அவரே பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பேனாவை வாங்கி, தாளைத் திருப்பினார்.

"எங்கிட்டுப் போடணும்?"

"இங்கிட்டு, இந்தக் கோட்டுக்கு மேல" என்றார் உதவியாளர்.

நான் தாளின் மேல் கையை வைத்தேன். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கக்கா."

"ஒனக்குப் போடுறதுக்கு எனக்கென்ன படிப்பு வேண்டிக் கெடக்கு?"

"கண்ணாடிய எடுத்துட்டு வாங்க."

"மேடம், எனக்குப் பன்னெண்டேகாலு பஸ்ஸு" என்றார் உதவியாளர்.

"அடுத்த பஸ் ஒண்ணே காலுக்கு இருக்கு" என்றேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடி, எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். "தான் நேரில் பாராத ஒன்றைப் பார்த்ததாக..." என்ற இடம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நெசமா?"

"நெசந்தான்."

மறுபடி குனிந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். தாளை என்னிடம் கொடுத்து, நான் வாங்கிக்கொண்டேனா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் போட்டார்.

அருணா